மத்தியானம் எரித்த சிப்புகள்

பச்சைக் கைப்பிடி வைத்த சின்ன சாக்கெட் அது. சிப்பை உள்ளே வைத்துக் கைப்பிடியைச் சாய்த்தால் ‘டக்’கென்று சத்தம் வரும். சிப்பில் புரோகிராமை ஏற்றுவதற்கு எங்கள் கம்பெனியில் ‘எரிப்பது’ என்று பெயர். நாள் முழுக்க அதையே செய்தவரை எல்லோரும் ‘பர்னிங் அக்கா’ என்றே கூப்பிட்டோம். பக்கத்து ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே வேலைக்கு வருவார், கான்ட்ராக்ட் ஊழியர். நான் புரோகிராம் எழுதுகிறவள். தொண்ணூறுகளின் கடைசி; வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, ஆனால் வாய் மட்டும் காது வரைக்கும் நீளம். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்தான், ஆனாலும் என்னை ‘மேடம்’ என்பார். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

நாங்கள் இரண்டு மெஷின்கள் செய்தோம். ஒன்று பால் சொசைட்டிகளுக்கான தராசு, மற்றது துணி மில்லில் மீட்டர் எண்ணும் கருவி. தராசுக்குப் புதிதாக ஒரு பூட்லோடர் எழுதியிருந்தேன். மெஷினுக்குக் கரண்ட் வந்ததும் முதலில் கண்விழிக்கிற குட்டிப் புரோகிராம் அது. சிப்பின் தொடக்கத்தில் அதற்கு இடம். தள்ளி மெயின் புரோகிராம். நடுவில், பின்னால் உதவும் என்று நான் விட்டு வைத்த காலி இடம். விழித்ததும் பூட்லோடர் அந்தக் காலி இடத்தையும் சேர்த்து சிப் முழுவதையும் கூட்டிப் பார்க்கும். நான் கணக்கிட்டு எழுதிய எண்ணோடு கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் தராசு ஓடாது. நல்ல காவல் என்று எனக்குப் பெருமை வேறு. ஆனால் மத்தியானம் எரித்த சிப்புகள் டெஸ்ட் பெஞ்சில் வரிசையாகப் படுத்துக்கொண்டன. அதே சிப்பை அழித்து மறுநாள் காலையில் எரித்தால் சமர்த்தாக ஓடியது.

மேனேஜர் மீட்டிங் கூட்டினார். ஐந்து பேர் இருந்தோம். “சிப் நல்லாத்தான் இருக்கு சார், புரோகிராமும் காலைல ஓடுது. கையாளுறதுலதான் கோளாறு. சாப்பிட்டு வந்து கைப்பட்டை மாட்டாம தொடுறாங்க போல” என்றேன் நான். உடம்பில் தேங்கும் மின்சாரம் சிப்பைக் கெடுக்காமல் இருக்க மணிக்கட்டில் மாட்டுகிற பட்டை அது. அவர் எரிக்கும் அறையில் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்க்காமல் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த மாதத்தோடு அவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை அவர் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். அழுவார் என்று நினைத்தேன். “காலைல இருக்கிற கைதானே மேடம் மத்தியானமும் இருக்கு? இன்னைக்கு முழுக்க என் பக்கத்துல உக்காருங்க. தப்பு என் கையில இருந்தா நானே போயிடறேன்.” போய் உட்கார்ந்தேன்.

அவர் கைப்பட்டையைக் கழற்றவே இல்லை. தண்ணீர் குடிக்கப் போய் வந்தால்கூட மாட்டிய பிறகுதான் சிப்பைத் தொட்டார். காலையில் எரித்த தராசுச் சிப்புகள் எல்லாம் பாஸ். பதினோரு மணிக்கு, வழக்கம்போல, மில் கருவிக்குச் சிப் கேட்டார்கள், எரித்துக் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி தராசு. முதல் சிப்பே ஃபெயில்! பிடுங்கிக்கொண்டு போய் உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் படித்தேன். நான் காலியாக விட்ட இடத்தில், மில் கருவி காட்டுகிற எழுத்துகள் உட்கார்ந்திருந்தன. அடக் கடவுளே!

காலி என்றால் அது காலியாகவே இருக்கும் என்று நான் நம்பிவிட்டேன். என் ஃபைலில் அந்த இடத்துக்கென்று ஒரு பைட்கூட இல்லை. எரிக்கும் மெஷினோ, முன்பு ஏற்றிய ஃபைலின் மிச்சத்தை அங்கே அப்படியே வைத்திருந்தது. காலையில் புதிதாக ஆன் செய்யும்போதுதான் அதன் நினைவகம் சுத்தமாக இருக்கும். “நடுவுல ஒரு தடவை ஆஃப் பண்ணியிருந்தா சரியாயிருக்கும்” என்று முணுமுணுத்தேன். அக்கா சுவரைக் காட்டினார். ‘வேலை நேரத்தில் மெஷினை அணைக்கக் கூடாது’ என்று ஒரு தாள். அடிக்கடி அணைத்துப் போட்டால் ஃபியூஸ் போகிறதே என்று நான் எழுதி ஒட்டியது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

காலி இடம் முழுவதையும் என் கணக்குக்குத் தக்க எண்ணால் நிரப்பி அன்று மாலையே புது ஃபைல் கொடுத்தேன். மேனேஜரிடம் போனேன். “ஆய்து பிடி, ஆச்சு விடு, சரியாயிடுச்சு இல்ல? அந்தம்மா விஷயத்தைத் திரும்பக் கிளறாதே” என்றார். “கிளறத்தான் வந்தேன் சார். தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். அவங்க கான்ட்ராக்ட் பேப்பர்ல நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் இங்கேதான் நிப்பேன்.” நின்றேன். கடைசியில் போட்டார்.

இப்போது என் டீமில் இருக்கிற பிள்ளைகள் காலி இடத்தை நிரப்ப ஒரே ஒரு வரி எழுதுகிறார்கள், வேலை முடிந்துவிடுகிறது. அன்று எனக்கு அதோடு முடியவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடி, மன்னிச்சிடுங்க என்றேன். அவர் பேப்பரைப் படித்து மடித்து வைத்துக்கொண்டார்.

“இங்க தனியா சொன்னா எப்படி மேடம்? அங்க அஞ்சு பேரா உக்காந்து பேசினீங்க. அதே அஞ்சு பேரா உக்காந்து, என் எதிர்ல சொல்லுங்க.”

மறுநாள் மீட்டிங் நடந்த அதே அறையில், அதே ஐந்து பேராக உட்கார்ந்து, சொன்னேன். அதுவரை அந்த அறைக்குள் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகம் மாறாமல், கடைசி வார்த்தை வரை கேட்டார்.

“சரி” என்று எழுந்தார். “சிப்பு காத்துட்டு இருக்கு.”