வேப்பங்கன்று முளைத்த பாகம்

அப்பா போனபின், ஆனைக்குட்டம் பக்கத்து மானாவாரி நிலத்தில் என் பங்கை நான் கேட்டு வாங்கினேன். அன்றிலிருந்து அண்ணனுக்கு என்னைக் கண்டால் ஆகாது. பத்திர ஆபீஸ் வாசலிலேயே, "பொட்டச்சிக்கு எதுக்கு நிலம்? முள்ளுக்குள்ள போயி உக்காரப் போறாளா?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னான்.

முள் இருந்தது உண்மைதான். என் பாகம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதைப் பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்கினேன். அதற்குள் நின்ற நான்கு பெரிய வேம்புகளை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வேப்பந்தோப்பு வளர்க்க நினைத்தேன்; விதைக்கு அவை வேண்டும். நான் சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்க்கிறவள்; ஞாயிறு ஒருநாள்தான் லீவு. கன்று நட்டுத் தண்ணீர் சுமக்க முடியாது. தானாக முளைப்பது தானே வேரிறக்கிக்கொள்ளும்.

முளைத்தது. ஐப்பசி மழை கழிந்து போய்ப் பார்த்தால், வேம்படியெங்கும் வேப்பங்கன்றுகள். அடுத்த ஞாயிறு போனபோது அண்ணனின் வெள்ளாடுகள் அதற்குள் மேய்ந்துகொண்டிருந்தன. அவன் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"ஆட்ட ஓட்டுண்ணே. அம்புட்டும் கன்னு."

"ஆடு பச்சையத்தான் திங்கும். ஒன் கன்னுன்னு அதுக்கு எழுதிக் காட்டவா?"

கல்லெடுத்து எறிந்தேன். ஆடுகள் மீதுதான் எறிந்தேன் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். பிடுங்கிய முள்ளையே இழுத்துப் போட்டு மூன்று வாரத்தில் வேலி அடைத்தேன். கையெல்லாம் கிழிந்தது.

மூன்றாம் வருஷம் கன்றுகள் இடுப்புயரம் வந்து ஒன்றையொன்று நெருக்கின. விட்டால் எதுவும் தேறாது. வளைந்ததையும் நோஞ்சானையும் அறுத்து, நல்லதுக்கு இடம் விட்டேன். அண்ணன் வேலிக்கு வெளியே நின்று சிரித்தான். "வளத்தவளே அறுக்கா பாரு!" நான் வாய் திறந்திருந்தால் அரிவாளும் சேர்ந்து பேசியிருக்கும்.

அந்த ஆனியில் சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தான். கிழக்கு ஓரத்தில் பத்தடி அகலத் துண்டு அவனுடையது என்று வந்தது. அளவு சரிதான், நானும் லீவு போட்டுக் கூடவே நின்று பார்த்தேன். "இருக்கத வேரோட தோண்டி எடுத்துக்கிடுதேன், ஒரு வாரம் பொறு" என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே டிராக்டரை விட்டு உழுதுவிட்டான். நாற்பது கன்றாவது போயிருக்கும். மண்ணை வாரித் தூற்றினேன். அவன் டிராக்டரை நிறுத்தக்கூட இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கிழக்கோர வேம்பின் பழங்கள் உழுத மண்ணில் விழுந்தன. அடுத்த மழைக்கு அங்கே முளைத்த நெருக்கம் என் நிலத்தில் எங்குமே இல்லை. இறுகிக் கிடந்த மண்ணில் விழுந்த விதை வெயிலில் செத்திருக்கிறது. கிளறிய மண் அதை உள்ளே வாங்கியிருக்கிறது. அண்ணன் களைக்கொல்லி அடித்து அவ்வளவையும் கருக்கினான்.

நான் பார்த்துவைத்துக்கொண்டேன். மறுவருஷம் பழம் உதிரும் முன்பே, என் மேற்கு வேம்பைச் சுற்றிக் கிடந்த கட்டாந்தரையை வேற்றூர் டிராக்டரால் மேலாகக் கீறிவிட்டேன். இப்போது அங்கே முழங்கால் உயரக் கன்றுகள் நிற்கின்றன.

போன மாதம் அவன் மகள் கல்யாணம். பத்திரிகை எங்கள் அச்சாபீசிலேதான் அடித்தார்கள். மடித்துக் கட்டி அனுப்பியவள் நான். எனக்கென்று ஒன்றும் வரவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை.