மொட்டை மாடியில் வரைந்த வீடு

அந்தப் பேச்சுக்கு வரவே மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். வீட்டைக் காலி பண்ண எனக்கு ஒருத்தர் மேடை போட்டுச் சொல்லித்தர வேண்டுமா? நான் என்ன நேற்றுக் குடித்தனம் பண்ண வந்தவளா? ஆனால் என் கணவர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். வேஷ்டியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வாசலில் குடையோடு நின்றுவிட்டார். சரி, போய்த் தொலைவோம் என்று கிளம்பினேன். இவருடைய அக்காவும் வந்தாள்.

எழுபதுகளின் நடுவில் அது. மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்துக் கட்டப் போவதாகச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். தை பிறந்ததும் காலி பண்ணவேண்டும். இவருக்கு ஆபீசில் ரிடையராகும் சமயம். நல்ல வேளையாகப் பெசன்ட் நகரில் குலுக்கலில் ஒரு பிளாட் விழுந்திருந்தது. ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை என்ற பெயரில் ஓர் இடுக்கு. பையன் பம்பாயில், பெண் டில்லியில். மிச்சம் நாங்கள் மூன்று பேர்தான்: இவர், நான், இவருடைய அக்கா.

அக்கா சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பியோடு வந்து சேர்ந்தவள். நான் கல்யாணமாகி வந்தபோதே அந்த வீட்டில் இருந்தாள். என் குழந்தைகள் இரண்டும் என் இடுப்பில் இருந்ததைவிட அவள் இடுப்பில் இருந்ததுதான் அதிகம். பாவப்பட்ட விதவை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்தால் கீரை ஆயக்கூட அவளைக் கூப்பிட முடியாது. டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு, "கட்டைய போடறான் பாரு, கடங்காரன்!" என்று திட்டிக்கொண்டிருப்பாள். எல்லோரும் படுத்த பிறகு கூடத்துக் கோடியில் பாயை விரிப்பாள். நாங்கள் எழுந்திருக்கும்போது பாய் சுருட்டி மூலையில் நிற்கும். ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கியிருக்கும்.

பேச்சு லஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், ரிடையரான ஓர் இன்ஜினீயர் வயதானவர்களுக்காகப் பேசினார். வாசல் தட்டியில் 'சின்ன வீட்டுக்குப் போவது எப்படி?' என்று எழுதியிருந்தார்கள். கிழவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இந்த வயசுக்கு மேல நமக்கு எதுக்குப்பா அதெல்லாம்!" என்றார் ஒருவர். கூட வந்த மாமி முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் தட்டியில் 'சிறிய இல்லம்' என்று மாற்றி எழுதியிருந்தது.

இன்ஜினீயர் ஒல்லியான மனிதர். மேடையில் ஒரு கரும்பலகை, கையில் சாக்பீஸ். எடுத்த எடுப்பிலேயே, "நீங்க பாத்துப் பாத்துச் சேத்து வெச்ச சாமானை உங்க பசங்க வாங்கிக்கமாட்டாங்க. சந்தேகமிருந்தா கேட்டுப் பாருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் பெண் லீவுக்கு வந்திருந்தபோது பித்தளை அண்டாவை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தேன். "அத வெச்சுண்டு நான் என்னம்மா பண்றது, உள்ள உக்காந்து குளிக்கவா?" என்று அவள் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

பிறகு தன்னுடைய முறையைச் சொன்னார். புது வீட்டை டேப் வைத்து அளந்து வரவேண்டும். இப்போது இருக்கும் வீட்டு மொட்டை மாடியில் அதே அளவுக்குச் சாக்பீஸால் கோடு போடவேண்டும். வேண்டிய சாமான்களுக்கெல்லாம் அதற்குள் கட்டம் கட்டவேண்டும். "கோட்டுக்கு வெளியில நிக்கறது எதுவா இருந்தாலும் சரி, அது உங்களோட வரக்கூடாது. தயவு தாட்சண்யமே வேண்டாம்" என்று பலகையை ஒரு தட்டுத் தட்டினார். ஹாலில் கைதட்டல். இவர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

மறுநாளே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பெசன்ட் நகருக்கு பஸ் ஏறினார். அளந்துகொண்டு வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்தவர்தான், சாப்பிடக்கூட இறங்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒரு வீடே படுத்துக் கிடந்தது. வாசற்படி, ஜன்னல், குழாயடி எல்லாம் கோட்டில். கட்டத்துக்குள் கட்டமாகக் கட்டில், பீரோ, தையல் மிஷின், அரிசி டிரம் என்று எழுதியிருந்தார். சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஓம் வேறு. எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. கோட்டு வாசல் வழியாக நுழைந்து, கோட்டுச் சமையலறையில் நின்று பார்த்தேன். திரும்பினால் முழங்கை இடிக்கும் போலிருந்தது, ஆனாலும் நம் சொந்த முழங்கை, சொந்தச் சுவர் என்று ஒரு சந்தோஷம்.

அப்புறம்தான் சண்டை ஆரம்பித்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து, சேர்த்து, பைண்டு பண்ணி இவர் ஓர் அலமாரி நிறைய வைத்திருந்தார். அதற்கு ஹாலில் பெரிய கட்டம். என் கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்த தேக்கு பீரோவைக் கோட்டுக்கு வெளியே தள்ளியிருந்தார்.

"ஏன்னா, பாதிக் கதைக்கு முடிவே கிடையாது, கரையான் தின்னுடுத்து. அது வரலாம், என் பீரோ வரப்படாதா?"

"அது பீரோ இல்லடி, தேர். நிலைக்கு வரவே நாலு பேர் வேணும்."

சாமான் பார்க்க ராயப்பேட்டையிலிருந்து ஒரு பழைய மரச்சாமான் வியாபாரியைக் கூட்டிவந்திருந்தார். அந்த ஆள் பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்து, "இன்னாம்மா, சோக்கா கீதே! இத்தப் போய் விக்கிறீங்களே?" என்றார். பிடித்துக்கொண்டேன் அதை. கேட்டீர்களா, வாங்க வந்தவருக்கே மனசு வரவில்லை என்று ஒரே பிடியாக நின்றேன். கடைசியில் இவர் இறங்கி வந்தார். அண்டா, ஊஞ்சல் பலகை, மர பெஞ்சு எல்லாம் வியாபாரியின் கைவண்டியில் போயின. கதை அலமாரியை ஒரு சாண் நகர்த்தி வரைந்து, பீரோவையும் ஹாலுக்குள் நுழைத்தார். பீரோ, கதை அலமாரி இரண்டும் உள்ளே வந்துவிட்டன. நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

நாலைந்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டிலிருந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டது. அந்த வீட்டில் யாருக்கும் பந்துக்கும் மட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. போய்ப் பார்த்தால் அக்காவின் டிரான்சிஸ்டர் அவர்கள் ஜன்னலில்! "மாமிதான் வெச்சுக்கோன்னு குடுத்தா" என்றாள் அந்த வீட்டுப் பெண். எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து அக்கா முன்னால் வைத்தேன்.

"என்ன அக்கா இது?"

"எனக்கு எதுக்குடி இனிமே? பொங்கலுக்கு அப்புறம் ஸ்ரீரங்கத்துல சித்தப்பா பொண்ணு ஆத்தோட போய் இருக்கலாம்னு பாக்கறேன். தினம் பெருமாளச் சேவிக்கலாம்."

சொல்லிவிட்டுப் புளியில் கொட்டை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சித்தப்பா பெண்ணை அவள் பார்த்தே எத்தனையோ வருஷம். அந்த வீட்டில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர். பெருமாள் மேல் அக்காவுக்கு அப்படி ஒரு பக்தி வந்து நான் பார்த்ததில்லை. ஏகாதசி என்றைக்கு என்று நான்தான் அவளுக்குச் சொல்வேன். பாவி, என்ன நினைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் புடவையைப் போட்டுவிட்டுத் திரும்பினால் காலடியில் அந்தக் கோட்டு வீடு. சும்மா ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் கட்டில் இருந்தது. அரிசிக்கு இடம் இருந்தது. செருப்புக்குக்கூட இடம் இருந்தது. அக்காவுக்கு இல்லை. சுருட்டி மூலையில் நிற்கிற பாய்க்கு யார் கட்டம் கட்டுவார்கள்? அதை விரிக்க ஓர் ஆள் நீளம் வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவள் தினமும் உலர்ந்த துணியை எடுக்க அங்கேதான் வந்துபோனாள். முதல் நாளே படித்திருப்பாள். அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

இவர் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக மேலே இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா எங்க படுப்பா? காட்டுங்கோ."

"அக்காக்கு என்ன, பாயைப் போட்டா ஆச்சு."

"எங்க போட்டா ஆச்சு? காட்டுங்கோன்னா!"

அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றார். ஹாலில் கதை அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றார். கதவைத் திறந்தால் தலையில் இடிக்கும். பிறகு மெதுவாகக் கீழே இறங்கிப் போய், "அக்கா, நீ நிஜமாவே ஸ்ரீரங்கம் போணும்னா ஆசைப்படற?" என்று கேட்டார். "ஆமாண்டா, ரொம்ப நாளா ஆசை" என்றாள் அவள். உடனே இவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. "அவளே ஆசைப்படறா, நாம ஏன் தடுக்கணும்?" என்றார் என்னிடம். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. காபியை ணங்கென்று வைத்துவிட்டுப் போவேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில், யார் யார் எப்படிக் குறைத்தீர்கள் என்று சொல்லச் சொன்னார் இன்ஜினீயர். அடையாற்றிலிருந்து வந்த ஒரு மாமி, ஊறுகாய் ஜாடிகளைக் கொடுத்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் எழுந்தார். மொட்டை மாடியில் வரைந்ததைத் தலை முதல் கால் வரை விவரித்தார். இன்ஜினீயர் பூரித்துப்போய்விட்டார். இவர் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் வரைந்துகொண்டே வந்தார். கட்டில், பீரோ, கதை அலமாரி, அரிசி டிரம். "பாருங்க, இதுதான் உதாரணம்!" என்றவர், போகிற போக்கில், "வீட்ல எத்தன பேர் சார்?" என்று கேட்டார்.

"மூணு பேர்" என்றார் இவர். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

இன்ஜினீயர் பலகையைப் பார்த்தார். சாக்பீஸ் அங்கங்கே போய் நின்று திரும்பியது. "மூணாவது ஆளுக்கு..." என்று இழுத்தார். ஹாலில் எல்லோரும் இவரையே பார்த்தார்கள். என் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. நாலு பேர் முன்னால் வாயே திறக்காத அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அவன ஒண்ணும் கேக்காதீங்கோ சார். நான்தான் மூணாவது ஆள். நான் ஊருக்குப் போறேன். கோட்டுக்கு வெளியில நிக்கறது வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னேள்? அது சரிதான். அவன் சரியாத்தான் போட்டிருக்கான்."

குத்திக்காட்டவில்லை அவள். தம்பியைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, நான் சாமானைச் சொன்னேன்" என்றார் இன்ஜினீயர்.

நான் எழுந்துவிட்டேன். எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் என்ன நினைப்பார்கள், ஒன்றும் தோன்றவில்லை. "போதும் அக்கா, உக்காருங்கோ! ஸ்ரீரங்கமும் வேண்டாம், ஒரு ரங்கமும் வேண்டாம். என் பீரோ வரல. அந்த ராயப்பேட்டை ஆளை நாளைக்கே வரச்சொல்றேன். சார், அந்த பீரோவை அழிங்கோ!"

இன்ஜினீயர் டஸ்டரைத் தேடக்கூட இல்லை. உள்ளங்கையாலேயே அழித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "முதல்ல ஆளைப் போடணும், அப்புறம்தான் சாமானைப் போடணும். இத்தனை வாரமா நான் இதைச் சொல்லவே இல்லை பாருங்க" என்றார். பின்வரிசையில் ஒரு பெரியவர் அவசர அவசரமாகத் தன் மனைவியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். குளத்தங்கரை வந்ததும் அக்கா, "ஏண்டி, சபையில போயா இப்படிக் கத்துவா, மானம் போறது" என்று முணுமுணுத்தாள். போகட்டும் என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். இன்னும் வெளிச்சம் இருந்தது. நாங்கள் பின்னாலேயே போனோம். பீரோ கட்டத்தை அழித்தார். தையல் மிஷினை ஓரமாகத் தள்ளி வரைந்தார். அப்புறம் சாக்பீஸோடு நிமிர்ந்து, "அக்கா, இங்க படு" என்றார்.

"போடா பைத்தியம். அடுத்தாத்துக்காரா பாக்கறா."

"பாத்தா பாக்கட்டும். படுக்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கொடியில் காய்ந்த பழைய புடவை ஒன்றை எடுத்து மடித்துத் தரையில் போட்டேன். முனகிக்கொண்டே உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்து, கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்தாள். அத்தனை வருஷத்தில் அவள் படுத்திருந்து நான் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். இவர் அவள் தலைமாட்டில் ஒரு கோடு, கால்மாட்டில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல இரண்டு கோடு போட்டார். கண்ணில் நீர் கொட்டியது. கோடு கோணல்மாணலாக வந்தது.

அக்கா தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"என்னடா இது, பொட்டி மாதிரி? நான் புரண்டு படுக்கறவ. கொஞ்சம் தாராளமாப் போடு."

இவர் கோட்டை அழித்துவிட்டு, தன் கதை அலமாரிக் கட்டத்துக்குள் ஒரு முழம் தள்ளிப் போட்டார். அக்கா அந்தப் பக்கமாக ஒருதரம் புரண்டு பார்த்துவிட்டு, "இன்னும்" என்றாள்.