புது ஆத்துப் பாலம் தாண்டுனாதான் பரீட்சை

ஷேர் ஆட்டோ ஓட்டுறவனுக்கு கண்ணு ரோட்டுல இருக்கணும், காது பின் சீட்டுல இருக்கும். நம்ம ஸ்டாண்டு ஆளுங்களுக்கு இத நான் சொல்லியா தெரியணும்?

ஏலக்கா

தஞ்சாவூர்ல புது ஆத்துக்கு இந்தாண்ட ரூம் எடுத்துத் தங்கி, அந்தாண்ட காலேஜுக்குப் போற பசங்கதான் நமக்குச் சவாரி. அதுல பிரபுன்னு ஒரு பட்டுக்கோட்டைப் பையன். காலையிலயே சரக்கு வாடை, அத மறைக்க வாய் நெறைய ஏலக்கா. வாடை அடிக்குதுன்னு பரீட்சை ஹால்லேருந்து ஒருதடவ வெளிய அனுப்பிட்டாங்களாம். நான் சும்மா இருப்பனா? அந்த ஹால் சார் மாதிரியே மூக்க உறிஞ்சி, என்னப்பா பாயசம் குடிச்சிட்டு வந்தியான்னேன். வண்டியே சிரிச்சுது. அவன் சிரிக்கல. எறங்குறப்ப மெதுவா கேட்டான்: "குடிக்கலன்னா கை ஆடுது, குடிச்சா படிச்சது மறக்குது. எதண்ணே நிறுத்துறது?"

தண்ணி வந்தா

அவன் ரூம்ல கூட இருக்குற ஜோசப்புதான் வெவரம் சொன்னான். கோடையில ஆறு காஞ்சு கெடக்குறப்ப எழுதுற பரீட்சையில பிரபு எல்லாத்துலயும் பாஸ். தண்ணி ஓடுறப்ப எழுதுனதெல்லாம் அரியர். புது ஆத்துல குளிக்கப் போனப்ப இவன் தம்பிய தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சாம். இவன் புடிச்ச கை வழுக்கிருச்சு. அதுலேருந்து ஆத்துல தண்ணி இருந்தா, குடிக்காம பாலத்தத் தாண்ட மாட்டான். இந்தத் தடவயும் போச்சுன்னா காலேஜ விட்டே அனுப்பிருவாங்க. ஜோசப்பு சொன்னான்: "மேட்டூர் தொறந்தா ஊரெல்லாம் நாத்து விடுவாங்கண்ணே. இவன் பாட்டில் தொறப்பான்."

கூடை

பரீட்சை அன்னிக்கு கார்த்திகை மழை, ஆறு கரை முட்ட ஓடுது. பிரபு வந்து ஏறுனான். ஏலக்காவும் இல்ல, வாடையும் இல்ல, கை மட்டும் ஆடுது. பாலத்துக்கிட்ட போனதும் கம்பியப் புடிச்சிக்கிட்டு, நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்னான். எறங்கி நின்னா நேரமாயி காலேஜ் கேட்ட மூடிருவாங்க. சிரிக்க வைக்கலாம்னு ஹால் சார் கொரல எடுத்தேன், எடுபடல.

பின் சீட்டுல அவன் பக்கத்துல பூக்காரம்மா ஒண்ணு. என்ன ஏதுன்னு கேக்கல. உதிரிப்பூக் கூடையத் தூக்கி அவன் மடியில வச்சு, கொட்டிராம ரெண்டு கையாலயும் புடிப்பான்னு அதட்டுச்சு. அவன் கூடையிலயே மொகத்தக் கவுத்துக்கிட்டான். நான் எங்கயும் நிறுத்தாம ஓட்டுனேன். அந்தாண்ட போய் நிமிந்தப்ப நெத்தியெல்லாம் கனகாம்பரம். அந்தம்மா சொல்லுச்சு: "எம்பூவ இப்புடிக் கசக்கிட்டு, ஒழுங்கா எழுதாம மட்டும் வா, பாப்பம்."

திரும்புறப்ப

சாயந்தரம் காலேஜ் வாசல்ல நின்னான், மொகம் வெளுத்துப்போயி. பாஸாவனான்னு தெரியலண்ணே, கடைசி மணி வரைக்கும் உள்ளயே உக்காந்திருந்தேன்னான். வண்டிய ஸ்டார்ட் பண்ணேன். ஏறாம பின் சீட்ட எட்டிப் பாத்தான். "திரும்பவும் அந்தப் பாலந்தானண்ணே. பூக்காரம்மா எப்ப வருவாங்க?"

நம்ம வண்டியில தலைக்குப் பத்து ரூபா, அந்தத் தலையில ஒரு ஆத்தையே சொமந்துக்கிட்டு ஏறுனாலும் அதே பத்து ரூபாதான்.