பரிமளா அக்காவும் டிஸ்க் பிரேக்கும்

கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் பரிமளா அக்காவின் கணவர். "சேகரு, உங்க அக்கா சைக்கிள்ல வந்துகினு இருக்கும்போது ரோட்டுல..." என்றவரால் மேலே பேச முடியவில்லை. யாரோ போனை வாங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது என்றார்கள். செய்தி கேட்டதும் அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். அந்த சைக்கிளுக்குப் புது பிரேக் மாட்டியவன் நான்தான். அதுவும் போன வாரம்தான் மாட்டினேன்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணைப் பரிசோதித்து பவர் எழுதிக் கொடுத்தவர் பரிமளா அக்கா. நான் பின்னறையில் கண்ணாடி அறுத்து ஃபிரேமில் பொருத்துகிறவன். அறிந்தவர்களுக்கு அவர் பெயரைச் சொன்னாலே அவருடைய பயம்தான் ஞாபகம் வரும். குரங்கு என்றால் பயம், இடி என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம். ஸ்கூட்டி கற்றுக்கொள்ளுங்கள் என்றோம். "ஐயோ, அது தானா ஓடுதுங்க! சைக்கிள்னா நான் மிதிச்சாதானே போவும்" என்றார். பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுப்போன கியர் சைக்கிளில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடி அண்ணாமலையிலிருந்து கிரிவலப் பாதை வழியாக தினமும் வருவார்.

இந்த ஆயுத பூஜையன்று கடையிலிருந்த மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்ததும் அக்கா தன் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஹேண்டில்பாருக்கு வைத்தார், சீட்டுக்கு வைத்தார். அதோடு விட்டாரா? இரண்டு சக்கரத்திலும் பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க்கையும் தேங்காய் எண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து, சுற்றிலும் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். "பிரேக்குதான் என் உயிரு. அதுக்குத்தான் ஜாஸ்தி வெக்கணும்" என்றார். நாங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பிரேக் பிடிக்கிற இடத்தில் எண்ணெய் படக்கூடாது என்று அங்கிருந்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மறுநாள் முகம் வெளுத்து வந்தார். "பிரேக்கு புடிக்கிறேன், கீச்சுனு கத்துது, நிக்கவே மாட்டேங்குது! எதிர்ல கிரிவலம் வர்ற ஜனங்க. செருப்பைத் தரையில தேய்ச்சிகினே போயி, கரும்பு ஜூஸ் வண்டியில முட்டி நின்னேன்." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க சேகரு. நான் விழுந்தா நானாச்சி. அவங்கள்லாம் கால்ல செருப்புகூட இல்லாம நடந்து வராங்க" என்றார்.

டிஸ்க்கைக் கழுவிவிட்டு, அதைக் கவ்வும் பிரேக் கட்டையை மட்டும் மாற்றினால் போதும் என்றார் சைக்கிள் கடைக்காரர். அக்கா மாற்றிக்கொண்டார், ஆனால் மனது ஒப்பவில்லை. ஒயர் இழுத்துப் பிடிக்கும் பழைய பிரேக்கே வேண்டாம் என்று, குழாய்க்குள் இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தில் பிடிக்கும் புது செட்டும் பெரிய டிஸ்க்கும் மகனிடம் சொல்லி வரவழைத்தார். மாட்டுவதற்கு என்னிடம் கொண்டுவந்தார். எனக்குத் தெரியாது, வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூவை முடுக்கறீங்க. இது இன்னா பெரிய விஷயம்? உங்க கைமேலதான் எனக்கு நம்பிக்கை" என்றார். சாப்பாட்டு வேளையில் கையை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மாட்டினேன். பக்கத்திலேயே நின்று, "அது டைட்டா? இது டைட்டா?" என்று பிராணனை வாங்கினார். பிறகு சந்தில் ஓட்டிப் பார்த்தார். "விரல் வெச்சாலே நிக்குதுங்க!" என்று கத்தினார். அவர் பயப்படாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"இனிமே பறப்பீங்கன்னு சொல்லுங்க" என்று சீண்டினேன்.

"பறக்கறதுக்கா மாத்துனேன்? பயந்தவதான் பிரேக்கு மாத்துவா. தைரியசாலி ஹாரன் அடிச்சிகினு போயிடுவான்" என்றார்.

போனை வைத்ததும் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைப் பக்கம் ஓடினேன். வழியெல்லாம் அந்த போல்ட்டுகள்தான் கண்முன். கடைசி போல்ட்டை முடுக்கும்போது கஸ்டமர் ஒருவர் கூப்பிட்டாரே, எழுந்து போனேனே, திரும்பி வந்து முடுக்கினேனா? ஞாபகமே இல்லை. அருணாசலா, என் கையால் அப்படி ஆகியிருக்கக் கூடாது என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். செத்துப்போனவரை விட்டுவிட்டு எனக்காக வேண்டிக்கொள்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பாதை இறங்கித் திரும்பும் இடத்தில் இளநீர் விற்கும் அம்மா ஒருவர் நான் யார் என்று கேட்டுவிட்டுச் சொன்னார். "இறக்கத்துல வந்துகினே இருந்தாங்க. திடீர்னு ஒரு கையால நெஞ்சைப் புடிச்சிகினாங்க. எதிர்ல கொழந்தையைத் தூக்கிகினு ஒரு குடும்பம் நடந்து வருது. நான் ஐயையோன்னேன். இன்னொரு கையால பிரேக்கைப் புடிச்சாங்க பாரு, சைக்கிள் அப்படியே நின்னுச்சி. எறங்கி, ஓரமா தள்ளி, ஸ்டாண்டு போட்டாங்க. அப்புறம்தான் என் பக்கத்துல வந்து ஒக்காந்தாங்க. தண்ணி கேட்டாங்க. குடுக்கறதுக்குள்ள சாஞ்சிட்டாங்க."

புளியமரத்தடியில் சைக்கிள் நேராக நின்றுகொண்டிருந்தது. ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்கியது. குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாக இருந்தன. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நடுரோடு என்றும் பாராமல் அழுதேன். பிறகு அவர் வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், பிரேக்கை ஒட்டி வைத்த விரலை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று காரியம் நடந்தது. படத்துக்கு மாலை போட்டபின் அக்காவின் கணவர் சந்தனக் கிண்ணத்தோடு சைக்கிளிடம் வந்தார். ஹேண்டில்பாருக்கு வைத்துவிட்டு, ஆயுத பூஜையன்று மனைவி வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்த ஞாபகத்தில், சக்கரத்துப் பக்கம் குனிந்தார். "அண்ணே, அங்க வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. சந்தன விரலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு பெல்லின்மேல் ஒரு பொட்டு வைத்தார்.

போய் வாருங்கள் அக்கா. டிஸ்க்கில் யாரும் கை வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.