நான் சுருக்கிக் கொடுத்த படம்

எங்கள் ஹெப்பகோடி ஆபீசின் மாத மின்னிதழில் படங்கள்தான் அதிகம். பஸ்ஸில் போகும்போது போனில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லோரும் திட்டினார்கள். நான்தான் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் போன் அகலத்துக்குச் சிறிதாக்கி சைஸைக் குறைத்தேன். இதழ் சட்டென்று திறந்தது.

வேலூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த கவிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அத்தனையும் சொல்லிக்கொடுத்தேன். "நீங்க இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்பாள். நம்பினேன்.

அடுத்த இதழை அவளே தயாரித்து அனுப்பினாள். கடைசிப் பக்கத்தில், "இதழை இலேசாக்கியவர்கள்" என்று நாங்கள் சேர்ந்து எடுத்த படம். கவிதா இருந்தாள், மேனேஜர் இருந்தார். நான் இல்லை.

நேராகப் போய்க் கேட்டேன்.

"சைஸ் ஜாஸ்தி ஆயிடுச்சுக்கா. நீங்க ஓரமா நின்னீங்களா, அதான் வெட்டிட்டேன்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யாரிடம் கதை விடுகிறாள்? அந்தப் படத்தைச் சுருக்கி அவளிடம் கொடுத்ததே நான். இதழிலேயே சின்ன சைஸ் அதுதான்.

இன்றும் புதிதாக யாராவது "அக்கா" என்று வந்து நின்றால் அந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது. என்னை வெட்டியவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவள் தோளில் என் கை அப்படியே இருந்தது.