உதடு வெடித்த தை மாதம்

பம்பாயில் குளிர் வந்துவிட்டதை எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் முதலில் சொல்லும். மார்கழியில் ஒரு காலை, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. அம்மா அதை வெயில் படும் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, அப்பாவின் பழைய ஸ்வெட்டரை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுப்பாள். அதெல்லாம் ஒரு குளிரா என்று தில்லியிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். வருஷம் முழுக்கக் கடலோரத்து ஈரக் காற்றிலேயே ஊறிக் கிடந்த எங்களுக்கு அந்தக் கொஞ்ச நாள் வறட்சியே போதும். காலில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். எனக்கு உதடு வெடிக்கும்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் மாதுங்காவில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா குமாஸ்தா. தங்கை காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. காலையில் லோக்கலில் லேடீஸ் பெட்டியின் வாசலோரமாக நின்றுகொண்டே வி.டி. ஸ்டேஷன் வரை போவேன். உள்ளே இடம் இருந்தாலும் உட்கார மாட்டேன். முகத்தில் அடிக்கும் அந்தக் காற்று எனக்குப் பிடிக்கும். டைப் அடிக்கும்போது உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொள்ளும் பழக்கம் வேறு. ஈரம் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக இழுக்கும். மறுபடியும் நாக்கு போகும்.

அந்த வருஷம் கீழுதட்டின் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்தது. பொங்கல் வருவதற்குள் அது ஆழமாகி, கொட்டாவி விட்டாலே ரத்தம் எட்டிப் பார்த்தது. அம்மா வெண்ணெய் தடவினாள், நெய் தடவினாள், படுக்கப் போகும்போது தொப்புளில் எண்ணெய் விட்டுக்கொள்ளச் சொன்னாள். வெண்ணெயும் நெய்யும் ருசியாக இருந்ததால் தடவிய கொஞ்ச நேரத்தில் நானே நக்கித் தீர்த்துவிடுவேன். உரிந்து நிற்கும் தோலை ஈரத்துண்டால் தேய்த்து எடுத்தால் சரியாகிவிடும் என்று தங்கை எங்கோ படித்துவிட்டு வந்து தேய்த்தாள். அதோடு மேலுதடும் சேர்ந்துகொண்டது. தெருமுனை டாக்டர் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பையன் டிராம்பேயில் என்ஜினீயர், செம்பூரில் பெற்றோரோடு இருக்கிறான். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணா, எங்களுக்கு மாமா, கொண்டுவந்த வரன் அது. தை பிறந்துவிட்டது; தள்ளிப்போடச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. பெண்ணுக்கு உதடு வெடித்திருக்கிறது என்றா சொல்ல முடியும்?

பக்கத்து வீட்டில் ரத்னகிரிப் பக்கத்து மராத்தி அம்மாள் ஒருவர் இருந்தார், முனிசிபல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நானும் தங்கையும் அவரைத் தாயி என்போம், மராத்தியில் அக்கா. அம்மா தன் அரைகுறை ஹிந்தியில் அவரிடம் முறையிட்டாள். தாயி என்னைப் பால்கனி வெளிச்சத்துக்கு அழைத்துப்போய், முகவாயைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, பகலில் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எங்கள் ஆபீஸில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை. அது மேல் மாடியில், ஆண்கள் கூட்டமாக நின்று சிகரெட் பிடிக்கும் வராந்தாவைத் தாண்டி இருந்தது. அந்த வழியாகப் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு, காலையில் குடித்த காப்பியோடு சாயந்திரம் வரை ஓட்டிவிடுவேன். சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் வேலைக்குப் போகிறவர்தானே.

"பானி பீ. ஜீப் மத் லகா," என்றார். தண்ணீர் குடி, நாக்கை வைக்காதே என்று.

மறுநாள் தாதர் மார்க்கெட்டிலிருந்து உடைந்த மெழுகுவர்த்தி போல ஒரு கட்டியை வாங்கிவந்து கொடுத்தார். கோகம் என்கிற புளிப்புப் பழத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் அது; ஆறினால் இறுகிவிடும். ஒரு துணுக்கைக் கரண்டியில் போட்டு உருக்கி, விரல் பொறுக்கிற சூட்டில் தடவ வேண்டும். அவர்கள் ஊரில் வெடித்த குதிகாலுக்கும் அதைத்தான் போடுவார்களாம். அதில் வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. நக்கிப் பார்க்க ஒன்றும் இல்லாததால் உதட்டிலேயே தங்கியது. ரயிலில் உள்ளே போய் உட்கார ஆரம்பித்தேன். முந்தானையை வாயோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு அந்த வராந்தாவைக் கடந்தேன். அவளும் இத்தனை நாள் தாகத்தை அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஆனால் அவர்கள் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிதான் ஆறியிருந்தது. காலையிலிருந்தே அம்மா பின்னாலேயே வந்தாள்.

"சிரிச்சியானா பொளந்துக்கும். வாயை மூடிண்டு அடக்கமா இரு, போறும்."

அப்படியே இருந்தேன். பையன், அவனுடைய அப்பா, அம்மா, கூட மாமா. பாடச் சொன்னார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு சின்னதாக ஒரு கீர்த்தனையைப் பாடினேன். மேல் ஸ்தாயி வந்த இடத்தைத் தாண்டிக் குதித்தேன். மாமா, குர்லா ஸ்டேஷனில் தன் செருப்பில் ஒன்று மட்டும் ரயிலோடு போய்விட்ட கதையைச் சொன்னார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தேன். பையன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்ததை, கதவுக்குப் பின்னால் நின்ற தங்கை கவனித்துவிட்டு அப்புறம் என்னிடம் சொன்னாள்.

அந்த வாரத்திலேயே மாமா திரும்ப வந்தார். செம்பூரில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறதாம். பையன் மட்டும், பெண்ணுக்கு இதில் சம்மதமா என்று அவளிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்கிறானாம். மாமா அதை மென்று விழுங்கித்தான் சொன்னார். பையன் ஒரு மாதிரியோ என்று அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. எங்கள் குடும்பங்களில் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை. அம்மாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னையும் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. நானும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"உனக்கு இஷ்டமான்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அந்த மனிதரின் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நான் பார்த்ததெல்லாம் தரையைத்தான்.

"ஒரு தரம் பேசிப் பார்த்துட்டுச் சொல்றேனேப்பா."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கேட்டவனிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்று சொல்வது நியாயம்தான் என்றார்.

இரண்டு ஞாயிறு கழித்துச் செம்பூரிலிருந்து அவர் தனியாக வந்தார். அதற்குள் என் உதடு முழுக்க ஆறி, வெடிப்பு இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. நாங்கள் பால்கனியில் நின்றோம். உள்ளே கதவோரமாக அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உளுந்து வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. கீழே பூக்காரர் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் அதையே பார்த்தபடி பேசினார்.

"அன்னிக்கு நீங்க ஒரு தடவைகூடச் சிரிக்கலை. பலவந்தமா உட்காத்தி வெச்சிருக்காளோன்னு தோணித்து. எங்க அக்காவை அப்படித்தான் கல்யாணம் பண்ணிக் குடுத்தா. அவ இன்னிவரைக்கும் சிரிக்கலை. அதனாலதான் கேட்டேன்."

நான் உண்மையைச் சொன்னேன். "உதடு வெடிச்சிருந்தது. சிரிச்சா ரத்தம் வரும்னு அம்மா சிரிக்கப்படாதுன்னுட்டா."

அவர் சட்டென்று என் உதட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டோமே என்று கூச்சப்பட்டு மறுபடி பூக்காரரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். எத்தனையோ நாள் கழித்து, வலி இல்லாமல். உள்ளே முறம் ஓசை நின்றுபோனது.

வேலையை விட்டுவிட வேண்டியிருக்குமா என்று கேட்டேன். அதை எப்படிக் கேட்பது என்று முந்தின நாள் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன்.

"செம்பூர்லேர்ந்தும் வி.டி.க்கு ரயில் இருக்கே," என்றார்.

அன்று சாயந்திரமே அப்பாவிடம் சரி என்றேன். வைகாசியில் மாதுங்காவிலேயே கல்யாணம் நடந்தது. பந்தியில் எங்கள் பக்கத்துப் பெண்களோடு தாயியும் உட்கார்ந்து, ரசத்தை இலையில் ஓடவிடாமல் சாப்பிடக் கற்றுக்கொண்டார். அப்புறம் பல வருஷம் செம்பூரிலிருந்து நான் ரயில் ஏறினேன். என் கணவர் எதிர்த்திசையில் டிராம்பேக்கு ஸ்டாஃப் பஸ் ஏறினார்.

தங்கைக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது அப்பா மாறிப்போயிருந்தார். வந்தவர்கள் படியிறங்கிப் போனதும், டம்ளர்களைக்கூட எடுத்து வைக்கும் முன்பே, அவளைப் பால்கனிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போவாராம். அவள் வேண்டாம் என்று சொன்ன வரன்களில் ஒருவர் பெரிய பாங்கு உத்தியோகஸ்தர். மாமாவுக்கு மகா கோபம். என்ன குறை என்று வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். அப்பா அவரை உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு, குறை ஒன்றும் இல்லை, அவளுக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொன்னார்.