கறார் அக்காவின் எட்டு மணி நேரம்

பஸ் டிப்போவில் அவளுக்குப் பெயர் கறார் அக்கா. கணினி அறையில் பதினாறு வருஷம். ஓட்டுநர்களுக்கு டியூட்டிப் பட்டியல் போடும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். ஒரு டியூட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே எட்டு மணி நேரம் ஓய்வு இல்லையென்றால் அது பெயரைச் சேர்க்காது, யார் தலைகீழாக நின்றாலும் சரி. சும்மா எழுதவில்லை. நாலு மணி நேரத் தூக்கத்தோடு பஸ் எடுத்த அவள் தம்பி சுவரில் மோதி, இன்று ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறான். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்?

புதிய மேலாளர் வந்தார். பட்டியல் இனி இணையப் பக்கத்தில் வர வேண்டும் என்றார். நல்லதுதானே! அவள் சர்வரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது வரிவரியான கட்டளைக் கோப்பு எழுதி, வேறு ஃபோல்டரில் இருந்த புரோகிராமைக் கூப்பிட்டாள். வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. புரோகிராமைக் கையால் ஓட்டினால் இம்மி பிசகாமல் ஓடுகிறது, இணையப் பக்கத்திலிருந்து ஓட்டினால் மூச்சே விடவில்லை.

மேலாளருக்கு வாயெல்லாம் பல். "பழசைத் தூக்கிப் போடுங்கம்மா. எல்லாத்தையும் ஸ்கிரிப்ட்லயே எழுதிடுங்க. யாரு வேணா திறந்து மாத்திக்கலாம். மதியத்துக்குள்ள, புரோகிராம் பழுதுன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க."

யார் வேண்டுமானாலும் மாற்றலாமா? அவளுக்குச் சுருக்கென்றது. ஓய்வு நேரத்தை எட்டிலிருந்து ஆறாக்கத்தான் இந்தப் பாடு!

"பழுதில்லாததைப் பழுதுன்னு எழுத மாட்டேன் சார்."

உட்கார்ந்து குடைந்தாள். பதினொன்றரைக்குப் பிடிபட்டது; தலையில் அடித்துக்கொண்டாள். புரோகிராம் தனக்கு வேண்டிய ஓட்டுநர் விவரக் கோப்பை, தன்னை ஓட்டுபவர் அப்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறாரோ அதில்தான் தேடும். கையால் ஓட்டும்போது அவள் எப்போதும் அதன் ஃபோல்டருக்குள் போய்த்தான் ஓட்டுவாள், அது பழக்கம்; கோப்பும் அங்கேயே இருக்கும். ஸ்கிரிப்டோ இணையப் பக்கத்தின் ஃபோல்டரில் நின்றுகொண்டு கூப்பிட்டிருக்கிறது. முதலில் அந்த ஃபோல்டருக்குப் போ, பிறகு ஓட்டு என்று ஒரு வரி சேர்த்தாள். பட்டியல் மளமளவென்று வந்து விழுந்தது.

மேலாளர் முகம் தொங்கிப்போனது. "சரி, அந்த எட்டு எங்க இருக்கு?"

"கம்பைல் பண்ணின புரோகிராமுக்குள்ள, மெஷின் மொழிக்கு மாத்தி மூடியாச்சு. இணையப் பக்கத்துலேர்ந்து ஓட்டலாம், உள்ள இருக்கறதைத் தொட முடியாது."

"ஆறாக்கணும்னா?"

"எழுதிக் கேளுங்க சார். எந்த ஓட்டுநரைத் தூங்க விடாம வண்டி எடுக்கச் சொல்றீங்கன்னு பேரோட எழுதுங்க. முடியாதுன்னு நானும் எழுதித் தர்றேன்."

மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவர் இன்னும் எழுதவில்லை.